விளக்குமாறு காட்டிய இடம்

ஐஸ் மண்டபத்தின் இந்தத் தொங்கலில், இந்த முனையில், நாங்கள் மூன்று பேர் நிற்போம். அந்தத் தொங்கலில் அவர் தனியாக நிற்பார். ஐஸில் நீலமும் சிவப்புமாகக் கீறிய பெரிய வட்டத்துக்குள், மலிவு விற்பனையில் வாங்கிய ஆம்பிளைக் கோட்டும் காதை மூடிய கம்பளித் தொப்பியுமாக, கையில் ஒரு விளக்குமாறு. அதை ஓர் இடத்தில் ஊன்றிவிட்டு எங்களைப் பார்ப்பார். ஊன்றினால் ஊன்றினதுதான். பக்கத்துத் தளத்தில் யாராவது சறுக்கி விழுந்து குளறினாலும் அந்த விளக்குமாறு அசையாது.

அந்த மனிசியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால், "என்னை ஏனண்ணை எழுத்திலை இழுக்கிறியள்?" என்று ரெலிபோன் எடுத்து ஏசுவார். அந்த ஏச்சைக் கேட்க எனக்கு ஆசைதான். ஆனாலும் வேண்டாம்.

விளையாட்டின் பெயர் கேர்லிங். எங்கள் சனத்துக்கு இதை விளங்கப்படுத்தியே எனக்கு வாய் உளைந்துபோனது. "கல்லு உருட்டுற விளையாட்டோ?" என்று சிரிப்பார்கள். உருட்டுவதில்லை ஐயா, சறுக்க விடுவது. கைபிடி போட்ட கருங்கல். தவறித் தூக்கினால் இடுப்புப் பிடிக்கும். ஒருவர் அதைச் சறுக்கவிட, மற்ற இரண்டு பேரும் கல்லுக்கு முன்னால் ஓடி ஓடி ஐஸைக் கூட்ட வேண்டும். கூட்டினால் கல் தூரமாகப் போகும், வளைவும் குறையும். அணித்தலைவர் மற்றத் தொங்கலில் நின்று, எதைக் குறிவைத்துக் கல்லை விட வேண்டும் என்று விளக்குமாற்றால் காட்டுவார். கல் நேரே போகாது, வளையும். ஆகவே அவர் காட்டுகிற இடம் ஒன்று, கல் போய் நிற்க வேண்டிய இடம் இன்னொன்று. கல்லை விடுகிறவனுக்கு அந்த இடைவெளி விளங்கத் தேவையில்லை. காட்டிய இடத்துக்கு விட்டால் போதும். மிச்சம் தலைவரின் பொறுப்பு.

நாங்கள் ஒரு சலவைத் தொழிற்சாலையின் அணி. ஜெர்மனியில், ஹம் நகரத்தின் ஓரத்தில் இருந்தது அந்தத் தொழிற்சாலை. ஆஸ்பத்திரிக் கட்டில் விரிப்புகள், ஹோட்டல் மேசைத் துணிகள் எல்லாம் வண்டி வண்டியாக வரும். நான் அந்த வண்டியோட்டி. அவர் இஸ்திரிப் பகுதியில் ஒரு சிப்டுக்குப் பொறுப்பு. ஜெறோம் என்ற மன்னார்ப் பொடியன் கழுவும் மெசினில் நின்றான். பொடியன் என்றாலும் கலியாணம் முடித்தவன். மனைவியும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். நாலாவது ஆள் ஹெல்கா, துணி மடிக்கும் பகுதி, பென்சனுக்குக் கிட்ட வந்த ஜெர்மன் மனிசி. தெற்கே மலைப்பக்கத்தில் பிறந்து, சின்ன வயதில் இந்த விளையாட்டு விளையாடியவர். வாரத்தில் ஒரு பின்னேரம் தொழிற்சாலைகளுக்கென்று ஐஸ் மண்டபத்தில் இடம் கொடுக்கிறார்கள் என்று எங்களை இழுத்துக்கொண்டு போனதும் ஹெல்காதான்.

முதல்நாள் எல்லாருக்கும் கல்லை விடத்தான் ஆசை. ஜெறோம் ஒன்றை விட்டான். நான் ஒன்றை விட்டு அதோடு சேர்ந்து நானும் போனேன். இவர் மட்டும் கல்லைத் தொடவில்லை. பக்கத்துத் தளத்தில் விளையாடியவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தத் தொங்கலிலை நிக்கிற ஆள் என்ன செய்யிறது?" என்று ஹெல்காவிடம் ஜெர்மனில் கேட்டார். அது ஸ்கிப், அணித்தலைவர், அந்த ஆள் சொன்னபடிதான் மற்றவர்கள் கேட்க வேண்டும் என்றார் ஹெல்கா.

"அப்ப நான் அங்கை நிக்கிறன்," என்று எங்களைப் பார்த்துத் தமிழில் சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கிவிட்டார்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. நான் வயதுக்கு மூத்தவன். ஊரில் என்னை "கூட்டு" என்று சொல்ல என் மனைவிக்கே துணிவு வந்ததில்லை. ஒருநாள் என் மனைவி ஆட்டம் பார்க்க வந்தா. நான் விழுந்தடித்துக் கூட்டுகிறதைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. "இஞ்சாருங்கோ, வீட்டிலை ஒரு நாளாவது விளக்குமாத்தைத் தொட்டனீங்களோ?" என்று அத்தனை பேருக்கு முன்னால் கேட்டா. அடுத்த நாளிலிருந்து வீட்டுக் குசினியும் என் பொறுப்பானது.

கூட்டச் சொல்லிக் கத்துவதில் தொடக்கத்தில் அவருக்கே ஒரு சங்கடம் இருந்தது. "கூட்டுங்கோ அண்ணை, இன்னும் கொஞ்சம் கூட்டுங்கோ" என்று மரியாதையாகச் சொல்லி முடிக்கிறதுக்குள் கல் வட்டத்துக்கு முன்பே நின்றுவிடும். இரண்டு கிழமை பார்த்தார். மூன்றாம் கிழமை, ஐஸ் தளத்துக்கு இறங்கும் படலையடியில் என்னை நிறுத்தினார்.

"அண்ணை, ஐசிலை மரியாதை இல்லை. வெளியிலை வந்தாப் பிறகு ரெண்டு மடங்காத் தாறன்."

சொன்னபடியே செய்தார். உள்ளே "கூட்டு! கூட்டு! விடு!" என்று மண்டபம் அதிரும். சுற்றியிருந்த ஜெர்மன்காரர் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஆட்டம் முடிந்து படலையைத் தாண்டினதும், "அண்ணை, கை விறைச்சுப் போச்சோ? தேத்தண்ணி வாங்கித் தரட்டோ?" என்பார். எனக்குக் கோபம் எங்கே போனது என்று தெரியாது.

ஐஸிலும் வெளியிலும் மாறாத குணம் ஒன்று அவரிடம் இருந்தது. தான் சொன்னது தன்னுடையது. கல் பிழைத்தால் நாங்கள் ஆளுக்கொரு நியாயம் சொல்லுவோம், ஐஸ் கரடு, சப்பாத்து வழுக்கு என்று. அவர் ஒரே கேள்விதான் கேட்பார்.

"விளக்குமாத்துக்கு விட்டனீங்களோ?"

"ஓம்."

"அப்ப விளக்குமாறு பிழை. விளக்குமாறு என்ரை. அடுத்ததை எடுங்கோ."

விளக்குமாற்றுக்கு விடாமல் உன் எண்ணத்துக்கு விட்டிருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். சும்மா பார்ப்பார். அந்தப் பார்வைக்கு ஏச்சு எவ்வளவோ மேல்.

தொழிற்சாலையிலும் இப்படித்தான். ஜெறோம் வேலைக்கு வந்த புதிதில், உணவகமொன்றின் சிவப்பு மேசைத் துணியை ஆஸ்பத்திரி விரிப்புகளோடு சேர்த்துப் போட்டுவிட்டான். வெள்ளை விரிப்பெல்லாம் றோசாப்பூ நிறத்தில் வந்தது. மேலாளர் முகமும் அதே நிறத்தில் வந்தது. யார் செய்தது என்று கத்தினார். ஜெறோம் மெசினோடு ஒட்டிக்கொண்டு நின்றான். இவர் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"சிவப்புச் சாக்கைப் பிரிச்சு வைக்கச் சொல்லி அவருக்கு நான் காட்டிக் குடுக்கேல்லை. பிழை என்னுடையது," என்று தன்னுடைய உடைந்த ஜெர்மனில் சொன்னார்.

மேலாளர் முணுமுணுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார். அன்று பின்னேரம் இவர் ஜெறோமைக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு சாக்காகக் காட்டினார். அதன் பிறகு ஜெறோம் அவருக்காக நெருப்பிலும் குதிப்பான் போலிருந்தான். எங்கள் அணியில் கல்லை விடுவதில் அவனை வெல்ல ஆளில்லை. அவர் எங்கே ஊன்றினாலும் அங்கே கொண்டுபோய் விடுவான். நாங்கள் ஒவ்வோர் அணியாக அடித்துக்கொண்டு போனோம். கடைசியில், வேலைத்தல அணிகளின் இறுதி ஆட்டத்துக்கு ஹம்பேர்க் வரச் சொன்னார்கள். தொழிற்சாலையே எங்களைத் தலையில் வைத்துக் கூத்தாடியது.

ஜெறோமுக்கு விசா இல்லை. அகதி வழக்கு ஒரு முறை தள்ளுபடியாகி, மேன்முறையீட்டில் கிடந்தது. அந்தக் காலத்தில் அப்படியான ஆட்கள் தங்கள் மாவட்டத்தை விட்டு வெளியே போவதென்றால் அனுமதிக் கடதாசி எடுக்க வேண்டும். அவன் அதற்கு முந்தின வருசம் கேவலார் மாதா திருவிழாவுக்குக் கடதாசி இல்லாமல் போய், ரயில் நிலையத்தில் பிடிபட்டுத் தண்டம் கட்டியவன். இன்னொரு முறை பிடிபட்டால் வழக்கையே கெடுத்துப்போடும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். வழக்குக் கெட்டால் அவன் மட்டுமில்லை, லொட்ஜில் இருக்கிற இரண்டு பேரின் வரவும் கெட்டுப்போகும். இது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

ஹம்பேர்க் போக அன்ராக், அதுதான் விண்ணப்பம், போட்டான். மேலாளரும் எழுதிக் கொடுத்தார். ஆனால் வெள்ளிக்கிழமை மத்தியானம் கந்தோர் பூட்டும்வரை கடதாசி வரவில்லை.

சனிக்கிழமை விடிய ஹம் ஸ்டேசனில் நாங்கள் நிற்கிறோம். ஜெறோம் வந்தான். தலை வாரி இழுத்து, தோளில் சப்பாத்துப் பையோடு, முகமெல்லாம் சிரிப்பு.

"கடதாசி வந்ததோ?" என்று அவர் கேட்டார்.

"இல்லை அக்கா. பரவாயில்லை. சனிக்கிழமை ஆர் பாக்கப் போறாங்கள்? ஒரு மூலையிலை நித்திரை மாதிரிக் கிடப்பன்."

நானும் சேர்ந்துகொண்டேன். "ஓம் பிள்ளை. ஹெல்காவுக்குப் பக்கத்திலை இருத்திவிட்டா ஒருத்தரும் கேக்க மாட்டாங்கள்." ஹெல்காவும் தலையாட்டினார். தன் பேரன் என்று சொல்வேன் என்றார். ஜெறோமின் நிறத்துக்கு அது கொஞ்சம் கஷ்டம்தான், எல்லாரும் சிரித்தோம்.

அவர் சிரிக்கவில்லை. ரயில் வந்து நின்றது. ஜெறோம் படியில் கால் வைத்தான்.

"நில்லு ஜெறோம்."

ஐஸுக்கு வெளியே அவர் அப்படிப் பேசி நான் கேட்டது அன்றுதான். ஜெறோம் காலை எடுத்துவிட்டான்.

"நீ வரேல்லை. வீட்டை போ."

"அக்கா, நானில்லாமல் வெல்ல மாட்டியள்."

"தெரியும்."

"இஞ்சை வந்து இத்தினை வருசத்திலை எனக்கெண்டு கிடைச்சது இது ஒண்டுதான். அதையும் பறிக்கிறியளோ?"

"ஓம். இண்டைக்குப் பறிக்கிறன்."

"பிடிபட்டா நான்தானே போறன்? உங்களுக்கென்ன?"

"நீ ஒருத்தன் எண்டா நான் வாய் திறக்க மாட்டன். அங்கை லொட்ஜிலை ரெண்டு பேர் இருக்கினம்."

ஜெறோம் தோளிலிருந்த பட்டியைக் கழற்றினான். சப்பாத்துப் பையை நிலத்தில் எறிந்துவிட்டுத் திரும்பிப் பாராமல் படியிறங்கிப் போனான். அவர் அந்தப் பையை எடுத்துத் தூசு தட்டி, ரயிலில் ஏறித் தன் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். ஹம்பேர்க் போகும்வரை நான் அவரோடு கதைக்கவில்லை. கோபம். வந்த ஆளைத் திருப்பி அனுப்புகிறதுக்கு இவர் என்ன பொலிஸோ என்று மனதுக்குள் ஏசிக்கொண்டு போனேன்.

எதிரணி ஒரு வங்கியின் ஆட்கள். அவர்களின் தலைவர் நல்ல மனிசன், கை குலுக்கிவிட்டு, உங்கள் நாலாவது ஆளுக்குச் சுகமில்லையா என்று கேட்டார். நான் ஓம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"சுகமாய்த்தான் இருக்கிறார். நான்தான் வரவேண்டாம் எண்டு சொன்னனான்," என்றார் இவர்.

மூன்று பேரோடும் விளையாடலாம், விதி இருக்கிறது. ஜெறோமின் கற்களை நானும் ஹெல்காவும் பங்கிட்டு விட்டோம். சிக்கல் என்னவென்றால், கடைசி இரண்டு கற்களை எப்போதும் தலைவர்தான் விடுவார். அப்போது அந்தத் தொங்கலில் நின்று அவருக்கு விளக்குமாறு காட்ட ஆள் வேண்டும். அது ஜெறோமின் வேலை. ஹெல்காவுக்கு அவ்வளவு தூரம் கண் தெரியாது. மிஞ்சியது நான்.

ஒவ்வொரு சுற்றிலும் அவர் வந்து இடத்தைக் காட்டிவிட்டுப் போவார், நான் விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அப்படியே கடைசிச் சுற்றுவரை சமமாக வந்துவிட்டோம். நானே எதிர்பார்க்கவில்லை. கடைசிக் கல் எங்களுடையது. நடுவில் எதிரணியின் கல் ஒன்று இருக்கிறது, அதற்கு முன்னால் காவலுக்கு இன்னொன்று. காவலைச் சுற்றி வளைத்துக் கொண்டுவந்து உள்ளே இருக்கிறதைத் தட்டினால் நாங்கள் வெற்றி.

அவர் நடந்து வந்து வட்டத்துக்குள் நின்றார். இந்த முறை இடத்தைக் காட்டவில்லை.

"அண்ணை, நான் விட்ட கல்லெல்லாத்தையும் இஞ்சை நிண்டு பாத்தது நீங்கள். எந்தப் பக்கத்தாலை கூட வளையுது?"

"வலப்பக்கத்தாலை."

"வடிவாத் தெரியுமோ?"

"தெரியும்."

"அப்ப நீங்களே வையுங்கோ," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

நான் ஒரு நாளும் அப்படிப் பயந்ததில்லை. கடல் கடந்து வந்தபோதும் இல்லை. அங்கே நிற்கும்போதுதான் தெரிந்தது, அந்தத் தொங்கல் எவ்வளவு தனி என்று. கேட்க ஆளில்லை. எல்லாரும் உன் கையைப் பார்க்கிறார்கள். ஒரு சாண் இப்படி வைக்கவா, அப்படி வைக்கவா என்று மனம் கிடந்து அடிக்கிறது. இந்த மனிசி கிழமைக்குக் கிழமை இதிலா நின்றது என்று நினைத்தேன். காலையில் ஸ்டேசனில் அவர் நின்ற நிலையும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் கோபம் அந்த ஐஸிலேயே போய்விட்டது.

வைத்தேன். அவர் குனிந்து, ஒரு முறைகூடச் சந்தேகமாகப் பார்க்காமல், விளக்குமாற்றுக்கே விட்டார். ஹெல்கா தன்னந்தனியாகக் கூட்டிக்கொண்டு வந்தார், பாவம், முகம் சிவந்து. கல் காவலைத் தாண்டியது, வளையத் தொடங்கியது, உள்ளே இருந்த கல்லை உரசாமல் ஒரு விரல் இடைவெளியில் போய்விட்டது.

தோற்றோம்.

அவர் முழுத் தூரமும் நடந்து வந்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே, "அண்ணை, நீங்கள் வைச்ச இடம் சரி. நான் கொஞ்சம் பலமா விட்டிட்டன்," என்றார். நான் வைத்த இடம் சரியா பிழையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு அவர் எதிரணித் தலைவருக்குக் கை கொடுக்கப் போனார், நிமிர்ந்துதான் போனார்.

திரும்பி வரும் ரயிலில் எனக்கு வேறு கவலை பிடித்தது. போகும்போதும் பொலிஸ் ஏறவில்லை, வரும்போதும் ஏறவில்லை. ரிக்கெற் பார்க்கிறவர் வந்தார், எங்களுக்கு நல்ல பின்னேரம் வாழ்த்திவிட்டுப் போனார். ஜெறோம் வந்திருக்கலாம். வந்திருந்தால் வென்றிருப்போம்.

"பிள்ளை, அவனிட்டை ஒரு சின்னப் பொய் சொல்லுவம். பொலிஸ் ஏறி எல்லாற்றை கடதாசியையும் பாத்தவங்கள் எண்டு. அவனுக்கும் ஆறுதல், உங்களுக்கும் நல்ல பேர்."

அவர் என்னை ஒரு விசர்க் கதை கேட்டமாதிரிப் பார்த்தார்.

"கல்லு வெளியாலை போனா வெளியாலைதான் அண்ணை. உள்ளுக்கை எண்டு சொன்னாப்போலை வருமோ?"

ஞாயிறு பூசை முடிய என்னுடைய காரில் ஜெறோமின் ஹைமுக்குப் போனோம். அகதிகள் தங்கும் பழைய கட்டடம். கதவைத் தட்டினதும் அவன்தான் திறந்தான். உள்ளே வாங்கோ என்று சொல்லவில்லை. அவர் வாசலில் நின்றபடியே சொன்னார்.

"ஒரு பொலிசும் ஏறேல்லை ஜெறோம். நீங்கள் வந்திருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிராது. ஒரு கல்லாலை தோத்தம். நீங்கள் நிண்டிருந்தா வெண்டிருப்பம்."

ஜெறோம் கதவைப் பாதி சாத்தினான்.

"ஆனா நாளைக்கும் இப்பிடியொரு நிலைமையெண்டா, நான் இதைத்தான் சொல்லுவன். அதையும் சொல்லிப்போட்டுப் போவமெண்டுதான் வந்தனான்."

சப்பாத்துப் பையை நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டான்.

அதன்பின் அவன் வரவில்லை. வேலையிலும் அவரைக் கண்டால் மெசினுக்குப் பின்னால் போய்விடுவான். சனம் கதைக்காதோ? "பெரிய நீதிபதி எண்ட நினைப்பு" என்று கதைத்தார்கள். நான் இரண்டு பேரோடு சண்டைக்கே போனேன். அவரோ கிழமை தவறாமல் வந்து, கோட்டை மாட்டிக்கொண்டு, தன் தொங்கலில் போய் நின்றார். போய் ஒரு வார்த்தை கதையுங்கோவன் என்றால், "நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிப்போட்டன். இனி வாறது அவற்றை விருப்பம்," என்பார். ஆனால் மூன்று பேரோடு விளையாடினாலும் வேறு ஆள் எடுக்க மறுத்துவிட்டார்.

மாரி முடிகிற நேரம் ஒரு பின்னேரம் ஜெறோம் வந்தான். இருந்து சப்பாத்துக் கட்டினான், ஒரு கல்லை எடுத்துக் கவிழ்த்துத் துடைத்தான். அந்தத் தொங்கலில் அவர் வட்டத்தைப் பார்த்து, ஓர் இடத்தில் விளக்குமாற்றை ஊன்றினார். அவன் விட்டான். நானும் ஹெல்காவும் "கூட்டு" என்ற சத்தத்துக்குக் காத்துக்கொண்டு கல்லோடு கூட ஓடினோம். சத்தம் வரவே இல்லை. கல் தானாக வளைந்து போய் நடுவில் நின்றது.

"அடுத்தது," என்று கத்தினார்.

அடுத்த வருசம் ஜெறோமின் வழக்கு வென்றது. அந்த ரயிலுக்கும் தீர்ப்புக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அவன் அன்று போயிருந்தாலும் வென்றிருக்கலாம், பிடிபட்டிருந்தால் வழக்கு வென்றிருக்காது. யார் கண்டது? பிறகு மனைவியும் மகளும் வந்து இறங்கினார்கள். டுசில்டோர்வ் விமான நிலையத்துக்கு அவனோடு நாங்கள் மூன்று பேரும் போனோம். கண்ணாடிக் கதவு திறந்து அவர்கள் வெளியே வந்ததும் ஜெறோம் ஓடினான். ஹெல்கா மூக்கை உறிஞ்சினார். நானும்தான். இவர் மட்டும் ஒதுங்கி, ஒரு தூணடியில் நின்றார்.

கனநேரம் கழித்து ஜெறோம் மகளைத் தூக்கிக்கொண்டு நேரே அவரிடம் வந்தான். முகம் நனைந்து கிடந்தது.

"அக்கா, அண்டைக்கு நான் கப்டனா இருந்திருந்தா, என்னை ஏத்திக்கொண்டு போயிருப்பன்."

"தெரியும் ஜெறோம்," என்றார் அவர். "அதுதான் உங்களை நான் கப்டனாக்கேல்லை."

ஜெறோம் சிரித்த சிரிப்பில் பிள்ளை மிரண்டுவிட்டது. அவன் மகளை அப்படியே அவர் கையில் கொடுத்தான். அது அவருடைய கோட்டைப் பிடித்துக்கொண்டு எங்கள் எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தது. நான் பக்கத்தில் நின்றேன். இந்த மனிசியின் அணியில்தான் நான் கூட்டினேன் என்று அந்த விமான நிலையத்தில் போகிற வருகிற எல்லாரிடமும் கத்திச் சொல்ல வேண்டும் போலிருந்தது.